நடாத கல்

உலகத்தில் எந்த வேலையையும் சத்தமில்லாமல் செய்துவிடலாம், துணி துவைப்பதை மட்டும் முடியாது. என் அம்மா ஒரு விடிகாலையில் அதை முயன்று பார்த்தாள். முதல் அடியில் வீட்டுக்காரம்மாவின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. இரண்டாவது அடியில் கதவு திறந்தது. மூன்றாவது அடிக்கு அவரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிணற்றடியில் வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், மணி எட்டாயிடுச்சா?"

இருட்டே இன்னும் சரியாகப் பிரியவில்லை. அம்மா பாதி அடித்த புடவையைப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு, "இல்லைங்கம்மா" என்று உள்ளே வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே ஒற்றைப் பார்வையில் உட்கார வைக்கிறவள், ஒரு கல்லுக்காக இப்படிப் பம்மிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் இந்தக் கதையே தொடங்குகிறது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்த வீட்டில் நான்கு போர்ஷன், ஒரு கிணறு, துவைக்கிற கல் ஒன்றே ஒன்று. வீட்டுக்காரம்மா அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு மிச்சமிருந்தது இந்த வீடும் ஓர் எருமையும். கணவர் இல்லை. குடித்தனக்காரர்களை ஆள்வதை அவர் முழுநேர வேலையாகவே வைத்திருந்தார். அவருடைய சட்டங்களில் தலையாயது, எட்டு மணி வரைக்கும் கல் அவருடையது, அதற்கு மேல் யார் வேண்டுமானாலும் துவைத்துக்கொள்ளலாம் என்பது. மற்ற இரண்டு போர்ஷன் அக்காக்களும் நாள் முழுக்க வீட்டில் இருப்பவர்கள், அவர்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. அம்மா ஏழரைக்கெல்லாம் குரோம்பேட்டைப் பக்கம் இருந்த பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். சாயங்காலம் துவைக்கலாம் என்றால், அந்த நேரத்தில் கல்லோடு சேர்த்து எருமையைக் கட்டிவிடுவார். எருமைக்கு எட்டு மணிச் சட்டம் கிடையாது.

அந்த விடிகாலைச் சம்பவத்துக்குப் பிறகு அவர் படுக்கப் போகும் முன் பழைய புடவை ஒன்றை மடித்து, நனைத்து, கல்லின் மேல் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அந்த மாதிரி. பஸ்ஸிலாவது துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காரும் தைரியசாலிகள் உண்டு. எங்கள் கிணற்றடியில் அப்படி யாரும் பிறந்திருக்கவில்லை.

ஆக, அம்மா குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடி, அப்புறம்தான் நிமிர்வாள். துணியை லாண்டரிக்குப் போடலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அடிக்காத துணி துவைத்த துணியே ஆகாது என்பது அம்மாவின் கொள்கை. சுவிசேஷத்துக்கு அடுத்தபடியாக அவள் உறுதியாக நம்பியது அதைத்தான். இரண்டில் எது முதல் என்பதில்கூட எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

கடைசியில் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்த அதே வெள்ளை வேட்டியோடு வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போனார். நாங்களே ஒரு கல் வாங்கி ஓர் ஓரமாகப் போட்டுக்கொள்கிறோம், செலவு எங்களுடையது, போகும்போது கல் உங்களுக்கே என்று கேட்டார். அவர் அப்பாவுக்குக் காபி கொடுத்து, உட்கார வைத்து, மரியாதையாக மறுத்தார்.

"கல்லு நட்டா நெலம் போச்சு சார். என் தரையில வேற யாரும் கல்லு நடக் கூடாது."

அந்தக் காலத்துத் தாம்பரத்தில் கல் நடுவது என்றால் ஒரே அர்த்தம்தான். முடிச்சூர் பக்கம், மாடம்பாக்கம் பக்கம், எங்கே நெல் விளைந்ததோ அங்கெல்லாம் வெள்ளையடித்த கல் முளைத்துக்கொண்டிருந்தது. ஒருவன் வந்து நான்கு மூலையில் கல் நட்டுவிட்டுப் போவான். அடுத்த வாரம் அது நகர் ஆகிவிடும், அதற்கடுத்த வாரம் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பார்கள். இருந்தாலும், துணி துவைக்கிற கல்லைக் கண்டா ஒருத்தர் பயப்படுவார் என்று எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. சாக்கு என்றே நினைத்தோம்.

அப்பா காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தார். எனக்கு அதில் ஒரு சொல் மாட்டியது. நடக் கூடாது என்றுதானே சொன்னார்? வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. காலையில் கொண்டுபோய் வைத்து, துவைத்துவிட்டு, திரும்ப எடுத்து வந்துவிட்டால் அது நட்ட கல் ஆகுமா? வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள், சிவில் என்ஜினீயரிங்கில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன்.

தினமும் தூக்கி வைக்க வேண்டுமென்றால் கல் ஒரு குடம் தண்ணீருக்கு மேல் கனக்கக் கூடாது. அம்மாவின் அடிக்குத் தாங்கவும் வேண்டும். அது சாதாரண அடி இல்லை. எதிர்த்தாற்போல் பேச முடியாத தலைமையாசிரியர், வராத சம்பள உயர்வு, எட்டு மணிச் சட்டம் எல்லாம் அதற்குள் இருக்கும். கல்லூரியில் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புக் கொடுக்கச் சொன்னபோது, நார் கலந்த லேசான கான்கிரீட் என்று எழுதிக் கொடுத்தேன். எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டு, லேசா வேணும்னா வலு போயிடும், வலு வேணும்னா கனம் வந்துடும், ரெண்டும் ஒண்ணா வேணும்னா ஆண்டவனைத்தான் கேக்கணும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு வருகிறேன் சார் என்றேன். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். தலைப்பில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கான்கிரீட்டின் குணம் ரொம்பச் சுலபம். மேலே எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும், வளைத்தாலோ ஓங்கி அடித்தாலோ பட்டென்று விட்டுவிடும். சில மனிதர்களும் அப்படித்தான். உள்ளே நார் மாதிரி ஏதாவது கலந்தால், விரிசல் விழுகிற இடத்தில் அது இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். ஜல்லியை எடுத்துவிட்டு லேசான எதையாவது போட்டால் கனம் குறையும். புத்தகத்தில் இவ்வளவுதான் இருந்தது. எங்கே கிடைக்கும் என்று புத்தகம் சொல்லவில்லை.

தெர்மாகோல் ஜி.எஸ்.டி. ரோட்டில் டி.வி. விற்கிற கடையில் மலையாகக் கிடந்தது. ஊரே டி.வி. வாங்கிக்கொண்டிருந்த காலம். குப்பை ஒழிந்தால் சரி என்று கடைக்காரர் கோணி நிறைய அள்ளிக் கொடுத்தார். அதை வீட்டில் தேங்காய்த் துருவியில் துருவினேன். தெர்மாகோல் துருவியவர்களுக்குத் தெரியும், அது கீழே விழாது, மனிதர்கள் மேல்தான் ஒட்டும். என் தலை, அப்பாவின் மூக்குக்கண்ணாடி, எருமையின் முதுகு, எல்லாம் வெள்ளை. நாருக்குப் பழைய கயிற்றுக் கட்டிலின் தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்து நறுக்கிக்கொண்டேன். பலகைப் பெட்டி ஒன்றைக் கழற்றி அச்சு செய்து, கலவையை ஊற்றி, புத்தகத்தில் சொன்னபடி குத்து குத்தென்று குத்தினேன். அப்புறம் ஈரச் சாக்கைப் போர்த்தி வாரக்கணக்கில் தண்ணீர் காட்டினேன். பிறகு கல் எனக்குத் தண்ணீர் காட்டியது.

குத்திய குத்தில் தெர்மாகோல் முழுக்க மேலே மிதந்து வந்துவிட்டிருந்தது. கல்லின் அடிப்பக்கம் சிமெண்ட், மேல்பக்கம் பொரியுருண்டை. கல் தேறுகிற வரைக்கும் கிணற்றடி வேண்டாம் என்று, அம்மா முதல் நாள் கை இடிபடும் குளியலறையிலேயே வைத்து அதில் அப்பாவின் சட்டையை அடித்தாள். அப்பா அதைப் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் ஏறி ஆபீசுக்குப் போனார். தாம்பரத்தில் பனி பெய்கிறதா சார் என்று சக குமாஸ்தாக்கள் கேட்டார்களாம். அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி என் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

மேலே சிமெண்ட் பூசி அந்தக் கல்லை ஒப்பேற்றினேன். இரண்டு மாதம்கூட ஓடவில்லை. ஒரு போர்வையைத் தூக்கி அடித்தபோது இரண்டாகப் பிளந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால் தேங்காய் நார் இருந்த இடத்தில் மூக்குப்பொடி மாதிரி ஏதோ இருந்தது. சிமெண்ட்டின் காரமும் தினசரி ஈரமும் சேர்ந்து நாரைத் தின்றுவிட்டிருந்தன. முதல் நாள் வலுவாக இருப்பது பெரிய காரியமில்லை, இருநூறாவது நாளும் வலுவாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அம்மா இரண்டு துண்டையும் பார்த்துவிட்டு, பரவாயில்லை, உன் அப்பாவைவிட ஒரு வாரம் அதிகம் தாங்கியது என்றாள். அப்பா முன்பு ஒருமுறை அவளுக்குத் துவைத்துக் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்துப் பாதியில் கைவிட்ட கதையைச் சொல்கிறாள்.

அழியாத நார் எது என்று நான் தேடிக்கொண்டிருக்க, அம்மாவின் முழங்கையில் அது தினமும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒயர் கூடை. அம்மா பத்து வருஷமாகத் தூக்கிக்கொண்டு போன கூடை, வெயிலும் மழையும் பரீட்சைத் தாளும் ரேஷன் அரிசியும் பார்த்த கூடை, ஓர் இழை நைந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் பழைய கூடைகள் இருந்தன, பக்கத்து அக்காக்கள் வீட்டிலும் இருந்தன. எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கிச் சேர்த்தேன். சிவப்பு, பச்சை, மஞ்சள். கலவையைப் பார்க்கவே கல்யாண வீட்டுக் கேசரி மாதிரி இருந்தது.

அந்தக் கல் இன்னும் சீக்கிரமாக உடைந்தது. ஆனால் இந்த முறை ஒயர் அழியவில்லை, அறுபடவும் இல்லை. வழுவழுவென்று இருந்ததால் கான்கிரீட்டுக்குள்ளிருந்து சும்மா உருவிக்கொண்டு வந்துவிட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. உட்கார்ந்து கொஞ்சம் அழவும் செய்தேன், அதில் என்ன வெட்கம். அப்போதுதான் கவனித்தேன். ஒரு பாதியில் ஒரே ஓர் ஒயர் மட்டும் வராமல், எதிர்ப்பாதியின் ஒரு சில்லையும் பிடித்துக்கொண்டு தொங்கியது. இழுத்தேன், வரவில்லை. தட்டிப் பார்த்தால், நறுக்கும்போது அவசரத்தில் விட்டுப்போன பழைய கூடையின் முடிச்சு ஒன்று அதன் முனையில் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஒயர்த் துண்டுக்கும் இரண்டு முனையிலும் முடிச்சு. கூடை பின்னிப் பழகிய கைகள் அக்கம்பக்கத்தில் நிறைய இருந்தன. சாயங்காலம் டி.வி. பார்த்துக்கொண்டே அக்காக்கள் முடிச்சுப் போட்டார்கள். படிப்பு முடிந்ததும் எனக்கு எங்கேயாவது முடிச்சுப் போட்டுவிட வேண்டும் என்று அம்மாவிடம் வரன் சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அவர்களேதான், அதனால் கை சுறுசுறுப்பாக ஓடியது. தெர்மாகோலுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். அது மேலே மிதந்து வருவது அதன் குணம் என்றால் வரட்டும். கல்லைத் தலைகீழாக வார்த்தேன். மேலே வருகிற பொரியுருண்டைப் பக்கம் நாளைக்கு அடிப்பக்கம் ஆகிவிடும், அச்சின் அடியில் தங்குகிற கெட்டிப் பக்கத்தில் அம்மா அடித்துக்கொள்ளலாம். தண்ணீரையும் குறைத்துக் கலந்தேன். கலவையில் தண்ணீர் கூடினால் வேலை சுலபம், வலு குறைவு.

அதே கலவையில் சின்னதாக ஓர் உத்தரம் வார்த்துக் கல்லூரி லேபுக்கும் எடுத்துப் போனேன். இயந்திரத்தில் வைத்து நடுவில் அழுத்தினார்கள். எல்லோரும் டப் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். விரிசல் விழுந்தது, உத்தரம் வளைந்தது, இன்னும் வளைந்தது, சத்தம் வரவே இல்லை. லேப் உதவியாளர் பொறுமையிழந்து டீ குடிக்கப் போய்விட்டார். விரிவுரையாளர் குனிந்து விரிசலுக்குள் தெரிந்த சிவப்பு, பச்சை ஒயர்களைப் பார்த்து, இது என்னம்மா என்றார். கூடை சார் என்றேன். ஆண்டவன் என்ன சொன்னார் என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாவது கல்லை அம்மா குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு விடிகாலையில் கிணற்றடிக்குப் போனாள். இரண்டு செங்கலைச் சாய்வாகப் போட்டு அதன் மேல் கல்லை வைத்து முதல் அடி அடித்தாள். விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா வந்து நின்றார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா இது? கல்லு நடக் கூடாதுன்னு சார் கைல சொல்லிக்கீறேன்ல?"

"நடலைங்கம்மா. வெச்சிருக்கேன்" என்று சொல்லி அம்மா கல்லை ஒரு கையால் தூக்கிக் காட்டினாள்.

வீட்டுக்காரம்மா கல்லையும் அது இருந்த வெறும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். காலால் தள்ளிப் பார்த்தார், நகர்ந்தது. கல் நகர்வதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளே போய்விட்டார். அம்மா அன்றைக்கு அடித்த அடி தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். பள்ளிக்குக் கிளம்பும்போது பாட்டு வேறு.

ஆனால் நான் ஒன்றை யோசிக்கவில்லை. லேசான கல்லை ஓங்கி அடித்தால் அது நடக்கும். கிணற்றடியில் ஆரம்பிக்கும் கல், புடவை, வேட்டி, போர்வை என்று தாண்டித் தாண்டி, தலையணை உறை வரும்போது வீட்டுக்காரம்மாவின் பின்வாசலுக்கு அருகில் இருக்கும். அம்மாவும் அடித்துக்கொண்டே அதன் பின்னால் போவாள். வீட்டுக்காரம்மாவுக்கு இது விளையாட்டாகத் தெரியவில்லை. நின்ற கல்லே நிலத்தைத் தின்னும் என்று நம்புகிறவர், நடக்கிற கல்லை எப்படி விடுவார்?

"கல்லு நவுந்துகினே வர்து டீச்சர்" என்றார். "இன்னிக்கு வாசல், நாளிக்கு வூட்டுக்குள்ள."

மறுநாள் காலையில் கிணற்றடியில் கோலமாவால் ஒரு கோடு போட்டிருந்தது. நல்ல கை, நேர்கோடு. கல் அதைத் தாண்டக் கூடாது. அம்மா ஒரு காலைக் கல்லின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு துவைத்தாள், கோட்டுக்கு அருகில் வந்ததும் நிறுத்தி, கல்லைத் தூக்கித் திரும்ப ஆரம்ப இடத்தில் வைத்தாள். வீட்டுக்காரம்மா கதவோரம் நின்று லைன் அம்பயர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஆட்டம் பல நாள் நடந்தது. பழைய சைக்கிள் டயரை வெட்டிக் கல்லுக்கு அடியில் ஒட்டி நான்தான் அதை முடித்து வைத்தேன். கோலக்கோடு மட்டும் தினமும் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் அதில் பூவெல்லாம் வர ஆரம்பித்திருந்தது.

அடுத்த ஆண்டு மழை வந்தது. நான் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் மழை என்றால் ஏரிக்குத் தன் பழைய வழி ஞாபகம் வந்துவிடும். மனை வாங்கியவர்களுக்குத்தான் அது தெரு, தண்ணீருக்கு அது வாய்க்கால். விடிந்தபோது முழங்கால் அளவு தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முந்தின நாள் மழை அவசரத்தில் கல்லை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தாள். நாங்கள் அரிசி டின்னையும் புத்தகங்களையும் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தபோது, வாசல் படியிலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது.

"டீச்சர், உங்க கல்லு போவுது."

யாரும் நம்பவில்லை. கல்லாவது, போவதாவது. வெளியே வந்து பார்த்தால் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. டயர் ஒட்டிய அடிப்பக்கம் மேலே தெரிய, ஆமை மாதிரி நிதானமாகக் காம்பவுண்டு கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியது. என் கணக்கில் வலு இருந்தது, கனம் இருந்தது, மிதக்கும் என்பது இல்லை. எதிர்வீட்டு மாடியில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் அவளுக்கென்று சொந்தமாக இருந்த ஒரே கல் அது, தெருவோடு போய்க்கொண்டிருந்தது.

அவள் தண்ணீரில் காலை வைப்பதற்குள் வீட்டுக்காரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். சேற்றில் உழுது வளர்ந்த கால்கள். எங்களுக்கெல்லாம் தடுமாறுகிற தண்ணீரில் அவர் வீட்டுக்குள் நடப்பது போல நடந்தார். கல் தெருமுனைச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் ஓங்கி மோதியது, சத்தம் எங்களுக்கே கேட்டது. அது மறுபடி கிளம்புவதற்குள் பிடித்துவிட்டார். இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து படியில் இறக்கினார். குறுக்கே ஒரு விரிசல் ஓடியிருந்தது. விரிசலுக்குள் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒயர்கள் இரண்டு பக்கத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

"ஒடைஞ்சும் வுடலியே இது" என்றார் வீட்டுக்காரம்மா. அதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு எந்தக் கல்லூரியும் கொடுத்ததில்லை.

தண்ணீர் வடிந்தபோது கிணற்றடி முழுக்கச் சேறு. அவருடைய கருங்கல் அடிமண் அரித்துப்போய் ஒரு பக்கமாகப் புதைந்து கிடந்தது. நாங்கள் எங்கள் கல்லை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பள்ளி லீவு, மாடியில் நல்ல வெயில், கீழே யாருக்கும் துவைக்க இடமில்லை. மறுநாள் காலை வீட்டுக்காரம்மா ஒரு வாளித் துணியோடு படியேறி வந்து, முன்பு கிணற்றடியில் அம்மா பம்மினாளே அதே மாதிரி, ஓரமாக நின்றார். அவருக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

அம்மா தலையைத் தூக்காமல், "எட்டு மணிக்கு மேல வாங்கம்மா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம், அம்மா வாயால் வந்ததும் ஏனோ பயமாக இருந்தது. வீட்டுக்காரம்மாவின் முகம் சிறுத்துவிட்டது, வாளியை எடுக்கக் குனிந்தார். அதற்குள் அம்மாவால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். அவரும் ஒரு கணம் விழித்துவிட்டு, அப்புறம் வாளியை நங்கென்று கீழே வைத்துச் சிரித்தார். அம்மா நகர்ந்து இடம் விட்டாள். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று இருவரும் துவைத்தார்கள்.

அந்த மாடியிலிருந்துதான் அவர் கையை நீட்டிக் காட்டினார். ஏரிக்கரை பக்கம் வரிசையாகப் புது வீடுகள் தெரிந்தன. அது அவருடைய நிலமாம். கணவர் இறந்த வருஷம், காரியமெல்லாம் முடிந்து தாய் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், நடுவில் கல் நட்டிருந்ததாம். நட்டவர் சொந்தக் கொழுந்தனார். கேட்டதற்கு, கல் இருக்குதே அண்ணி, அப்புறம் என்ன பேச்சு என்றாராம். அவ்வளவுதான், நிலம் போய்விட்டது. இதை அவர் துணியை அலசிக்கொண்டே, யார் வீட்டுக் கதையோ மாதிரி சொன்னார். அம்மா அடிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். அவர் பயத்தைச் சாக்கு என்று நினைத்துச் சிரித்ததை எண்ணி எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்கப்புறமும் சட்டங்கள் மாறவில்லை. கருங்கல்லை நிமிர்த்தி நட்டு, அதன் மேல் ஈரப்புடவையும் போட்டார். கோலக்கோடும் தொடர்ந்தது. ஒரே வித்தியாசம், காலையில் இரண்டு கல்லிலும் ஒரே நேரத்தில் அடி விழும், நடுவில் ஊர்க்கதை ஓடும். அக்கம்பக்கத்தில் யாரும் அலாரம் வைத்ததாக எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா மாடம்பாக்கத்தில் ஒரு மனை வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டினார். வாங்கிய மனைக்கு நான்கு மூலையிலும் கல் இருந்தது. அதைப் பார்க்கப் போன அன்று அம்மா ஒவ்வொரு கல்லையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், இது முன்பு யாருடையது என்று மட்டும் கேட்டாள். தரகருக்குத் தெரியவில்லை.

காலி செய்கிற அன்று லாரியில் எல்லாம் ஏறிவிட்டது, கடைசியாகக் கல். சாமான் கட்டும் அவசரத்தில் இரண்டு நாளாக அது கிணற்றடியிலேயே கிடந்தது. அம்மாவே போய்க் குனிந்து, வழக்கம்போல ஒரு கையால் தூக்கினாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். நான் போய்ப் பிடித்தேன், அசையவில்லை. சுற்றிக் கிடந்த ஈரச்சாக்கை விலக்கிப் பார்த்தால், செங்கல்லைக் காணோம். சுற்றிலும் பள்ளம் பறித்து, ஜல்லி போட்டு, சிமெண்ட் பூசி, ஓரத்தைக் கரண்டியால் நன்றாக இழைத்து விட்டிருந்தது. சிமெண்ட் இன்னும் ஈரக் கறுப்பாகவே இருந்தது. முந்தின நாள் முழுக்க நாங்கள் புது வீட்டில் இருந்தபோது யாரோ கொத்தனாரை வைத்துக் காரியத்தை முடித்திருக்கிறார்கள். விரிசலில் மட்டும் கை வைக்காமல், ஒயர் தெரிகிற மாதிரியே விட்டிருந்தார்கள்.

வீட்டுக்காரம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"கல்லு நட்டா நெலம் போச்சுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"நான்தான் சொன்னேன்" என்றார் அவர். "போவட்டும். அந்த எடம் உன்னுது டீச்சர். எட்டு மணிலாம் இன்னா, எப்ப வோணா வந்து தொவைச்சுக்கோ."

அத்தனை வருஷத்தில் அவர் அம்மாவை நீ என்று சொன்னது அன்றுதான். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அம்மா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தொட்டித் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, நான்காக மடித்துக் கல்லின் மேல் வைத்தாள். அப்புறம் வந்து லாரியில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.